விருந்தாளிக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது?



நம் வீட்டுக்கு வரும் விருந்தாளி எத்தனை நாள் தங்குவார்? மூன்று நாள். மிஞ்சிப் போனால் ஒரு வாரம். கர்நாடக அரசின் முதல்நிலைக் கல்லூரிகளிலோ பத்தாண்டு, பதினைந்தாண்டு தங்கிவிட்ட விருந்தாளிகள் இருக்கிறார்கள். கன்னடத்தில் ‘அதிதி உபன்யாசகர்’ என்று பெயர். மாநிலம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பாடம் நடத்துவது அவர்கள், விடைத்தாள் திருத்துவது அவர்கள். உத்தியோகம் மட்டும் அவர்களுடையது அல்ல!

இது படித்தவர் பாடு. துப்புரவுப் பணியிலும் கார்மெண்ட்ஸிலும் கட்டட வேலையிலும் உழல்கிற நமக்கென்ன என்று ஆஸ்டின் டவுனிலும் நீலசந்திராவிலும் சிலர் கேட்கக்கூடும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாம் எம்.ஏ., எம்.எஸ்ஸி. படிக்க வைத்த பிள்ளைகள் முதலில் போய் நிற்கிற வாசல் எது? இந்த விருந்தாளி வாசல்தானே! அரசுக் கல்லூரியில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவரும் பெரும்பாலும் அவரே.

2021 டிசம்பரில் வகுப்புகளைப் புறக்கணித்துத் தெருவுக்கு வரும்வரை இவர்களுக்குக் கிடைத்தது மாதம் 11,000, 13,000 ரூபாய். 2022 ஜனவரியில் அரசு அதை 26,000 முதல் 32,000 வரை உயர்த்தியது. அதே கையால், வாரம் எட்டு பத்து மணி நேரமாயிருந்த வேலையைப் பதினைந்தாக்கியது. ஒருவர் தலையில் சுமையை ஏற்றினால் இன்னொருவர் வேலை போகத்தானே செய்யும்? 2023 இறுதியில் மறுபடியும் போராட்டம். பணி நிரந்தரம் கேட்டார்கள். அறிவிப்பாக வந்தது வேறு: பணியாண்டுக்குத் தக்கபடி 5,000 முதல் 8,000 வரை உயர்வு, மாதம் ஒரு நாள் விடுப்பு, பெண்களுக்கு ஊதியத்தோடு மூன்று மாதப் பிரசவ விடுப்பு, 60 வயதில் 5 லட்சம் வரை ஒரு தொகை. அதோடு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு. அதற்கு மாதம் 400 ரூபாய் அவர் கட்ட வேண்டும், 400 அரசு கட்டும்.

போராடிப் பெற்றதை நாம் குறைத்துப் பேசவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தில் வறுமைக் கோட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு அதே 5 லட்சம், ஒரு காசு கட்டாமல். 2025 அக்டோபரில் நிரந்தர அரசு ஊழியருக்கு ஆரோக்கிய சஞ்சீவினி வந்தது. அங்கே ‘சி’ பிரிவு ஊழியர் கட்டுவது மாதம் 350. அந்தக் குமாஸ்தாவின் சலுகையில் நமக்குப் பொறாமை இல்லை. அவருக்கும் போதாது என்றே சொல்வோம். ஆனால் எம்.பில்., பிஎச்.டி. முடித்தவர் 400 கட்டியும் விருந்தாளிதானா? விருந்தாளியிடம் சோற்றுக்குக் காசு வாங்குகிற வீடு நாட்டில் இது ஒன்றுதான்!

நம் கார்மெண்ட்ஸ் சகோதரிகளுக்கு இ.எஸ்.ஐ. தெரியும். கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அவர் பங்கு, மூன்றேகால் முதலாளி பங்கு. இந்திராநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் வரிசையை நாம் திட்டாத நாளில்லை. ஆனாலும் அங்கே குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. படுத்துவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதம் உண்டு. 2017 முதல் அதன் உச்சவரம்பு மாதம் 21,000. விரிவுரையாளரின் தொகை அதைத் தாண்டிவிட்டது. ஆக, தொழிலாளி வாசலும் அடைப்பு, அரசு ஊழியர் வாசலும் அடைப்பு!

காப்பீடு என்பது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். பதினைந்து நாள் டெங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் காப்பீடு கொடுக்கும். வீட்டு வாடகைக்கு யார் கொடுப்பது? மாதத்தில் விடுப்பு ஒரே நாள். கல்வியாண்டு முடிந்து, அடுத்த நியமனம் வரும்வரை பெயர் பட்டியலில் இல்லாத மாதங்களில் குடல்வால் வீங்கினால்? நோய் கல்வியாண்டு பார்த்தா வருகிறது?

பிரசவ விடுப்புக்கு வருவோம். நாட்டின் மகப்பேறு சட்டம் 2017 முதல் 26 வாரம் என்கிறது. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அந்த உரிமை முடியாது என்று 2023 ஆகஸ்டில் சொன்னது. விரிவுரையாளர் பெற்றெடுக்கும் குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் போதும் என்று கணக்கிட்ட அதிகாரி யாரோ!

பணமில்லை என்பார்கள். பகுதிநேரக்காரருக்கு எதற்கு என்பார்கள். முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் பகுதிநேர ஆசிரியர் காப்பீட்டுக்கு அந்த மாநில அரசு ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கும் குறைவாகத்தான் ஒதுக்கி வந்தது. ஆசிரியர் சங்கங்கள் விடவில்லை. 2022-இல் அது 20 கோடி டாலர் ஆனது. இங்கேயோ, வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே எழுதியும் ஏடு ஏடாகவே கிடக்கிறது.

நாம் கேட்பது இதுதான். நியமனம் இல்லாத மாதங்களிலும் காப்பீடு தொடரும் என்று உத்தரவில் எழுது. வயதான பெற்றோரையும் சேர். அந்த 400 ரூபாயையும் அரசே கட்டு. 26 வார விடுப்புக் கொடு. பணி நிரந்தரம் பற்றிப் பேச்சைத் தொடங்கு. நம் வீடுகளில் இந்த வேலையில் இருப்பவர்கள் நியமன உத்தரவின் நகலையும், காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருந்தால் அந்தச் சீட்டையும் சங்கத்தில் கொடுங்கள். மனுவை நாம் எழுதுகிறோம். சாந்திநகர் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கூட்டமாகவே போய்க் கொடுப்போம்.