வண்டி வைத்தியம்: டாஷ்போர்டு இருண்டால்...

"என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்து ஓட்டுகிறார். ஒரு மாதமாக இரவில் டாஷ்போர்டு விளக்குகள் எரிவதில்லை. டார்ச்சு அடித்துத்தான் முள்ளைப் பார்க்கிறாராம். 'ஹெட்லைட் எரிகிறதே, அது போதாதா?' என்கிறார். போதுமா?" என்று நாமக்கல் சகோதரி ஒருவர் கேட்கிறார்.

போதாது, சகோதரி! ஹெட்லைட் காட்டுவது வழியை. டாஷ்போர்டு காட்டுவது வண்டியின் நாடியை. ஆயில் பிரஷர் விழுந்ததைக் கவனிக்காமல் சில நிமிஷம் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடலாம். அதோடு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரி இரண்டு விநாடியில் 33 மீட்டர் போய்விடும். டார்ச்சு அடித்து முள்ளைப் பார்க்கிற நேரத்தில் சாலையை யார் பார்ப்பது?

நல்ல வேளையாக, இது பெரிய வியாதியல்ல. புதிய லாரிகளில் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழைய வண்டியில் ஒயரும் பல்பும் ஃப்யூஸும்தான். பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை விளக்குகள் எரியவில்லை என்பது. ஒன்று மட்டும் என்றால் பல்பு போயிருக்கும், அல்லது ஹோல்டர் துருப்பிடித்திருக்கும். எல்லாமே ஒரே சமயத்தில் அணைந்தன என்றால் பல்புகளைச் சந்தேகிக்க வேண்டாம். ஐந்து பல்புகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் உயிரை விடுவதில்லை! எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும்: ஃப்யூஸ், விளக்கு ஸ்விட்சு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, எர்த்.

அடுத்து, வண்டியின் பின்னால் போய் நின்று பாருங்கள். பல லாரிகளில் டாஷ்போர்டு விளக்குக்கும் பின்சிவப்பு விளக்குக்கும் ஒரே ஸ்விட்சிலிருந்துதான் கரண்டு போகிறது. சிலவற்றில் ஃப்யூஸும் ஒன்றே. பின்விளக்கும் எரியவில்லை என்றால், அதைச் சரிசெய்யும் வரை இரவில் வண்டியை எடுக்கவே கூடாது. பின்னால் வருகிறவருக்கு உங்கள் லாரி இருட்டோடு இருட்டாகத்தான் தெரியும்.

இந்த வைத்தியத்துக்கு ஸ்டெதாஸ்கோப் ஒரு டெஸ்ட் லாம்ப். பாட்டரிக்கு ஏற்ற வோல்டில் ஒரு சிறு பல்பு, ஹோல்டர், இரண்டு முழ ஒயர், அவ்வளவுதான். ஒரு முனையைச் சேஸிஸில் சுத்தமான போல்ட்டில் மாட்டுங்கள். விளக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, மறு முனையால் ஃப்யூஸின் இரு பக்கத்தையும் தொடுங்கள். இரண்டு பக்கமும் எரிந்தால் ஃப்யூஸ் நலம். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லையா? குற்றம் ஸ்விட்சில், அல்லது அதற்கு வரும் ஒயரில்.

ஃப்யூஸ் நலமாக இருந்தால் வெளிச்சத் திருகை நாலைந்து முறை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். விளக்குகள் மினுக்கினால் உள்ளே தூசும் துருவும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

விளக்குகள் மங்கலாக எரிகின்றனவா? ஹெட்லைட் போட்டதும் முள்ளெல்லாம் ஆடுகிறதா? அப்போது எர்த்தைப் பாருங்கள். கரண்டு பல்புக்குப் போனால் மட்டும் போதாது. தகடு வழியாகப் பாட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். துருவும் பெயிண்டும் அந்த வழியை அடைக்கின்றன. டாஷ்போர்டுத் தகட்டிலிருந்து சேஸிஸுக்குத் தற்காலிகமாக ஓர் ஒயர் பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று ஆனால் திருடன் அகப்பட்டான்! எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்குங்கள்.

புது ஃப்யூஸும் உடனே போகிறது என்றால் எங்கோ ஒயர் தகட்டில் உரசுகிறது. ஒயர்க் கட்டு எஞ்சின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் நுழையும் துவாரத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் அது பொடிந்துபோகும். பிறகு தகட்டின் விளிம்பு கத்திதான். சாமி படத்துக்கு வண்ண பல்பு, பாட்டுப் பெட்டி, சர விளக்கு என்று பிறகு சேர்த்த இணைப்புகளையும் பாருங்கள். பக்தியில் குறையில்லை, ஆனால் டாஷ்போர்டு ஒயரைச் சுரண்டி முறுக்கிய இணைப்புகள் வேண்டாம். தனி ஒயர், தனி ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறித் தகட்டில் பட்டதும் பொறி பறக்கும்.

இன்னொரு சந்தேகமும் வரும். சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு எரியாமல் இருந்தால் நல்லதுதானே? இல்லை. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள பல வண்டிகளில் அந்த பல்பின் வழியாகப் போகும் சிறு கரண்டுதான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு போய்விட்டால் சார்ஜே ஆகாமல் போகலாம்.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். ஃப்யூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தகடோ வைக்கவே கூடாது. 3 வாட் பல்புகள் ஐந்து, 12 வோல்ட் வண்டியில் இழுப்பது வெறும் 1.25 ஆம்பியர். ஒயர் தகட்டில் உரசினால் லாரிப் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். ஃப்யூஸ் இருந்தால் அது உருகி மற்றதைக் காப்பாற்றும். செப்புக் கம்பி உருகாது. ஒயரின் உறைதான் உருகித் தீப்பிடிக்கும். கிளீனர் படுத்துத் தூங்குவதும் அதே கேபினில்தான்.

ஆகவே சகோதரி, இன்று வீட்டுக்காரர் வந்ததும் விளக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே செப்புக் கம்பி மின்னினால், சரியான ஃப்யூஸ் மாற்றி, உரசும் ஒயரைக் கண்டுபிடிக்கும் வரை லோடு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருநாள் வாடகை போனால் போகட்டும்!