திராட்சை கொடுத்து வாங்கிய அம்மா

"அம்மா, எனக்கு இங்கே ஒரு அம்மா கிடைச்சிருக்கா!"

போனில் பெண் இப்படிச் சொன்னபோது நான் வற்றல் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. பதினெட்டு வருஷம் தலை வாரிப் பின்னி, சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான். போன ஒரே மாதத்தில் இன்னொரு அம்மாவா? பொய் சொல்வானேன் சகோதரிகளே, சுருக்கென்றது.

என் பெண் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பாதி உதவித்தொகை, மீதி வங்கிக் கடன். 1413-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகம். அங்கே ஒரு பழைய வழக்கம்: மூன்றாம், நாலாம் வருஷத்துப் பிள்ளைகள் புதிதாக வருகிற பிள்ளைகளைத் தத்து எடுத்துக்கொள்வார்கள். அவர்கள்தான் 'படிப்பு அம்மா', 'படிப்பு அப்பா'. அதற்கு நன்றியாகப் புதுப் பிள்ளை ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், உலர்ந்த திராட்சை தரவேண்டும். பெற்றுக்கொண்டதற்கு லத்தீன் மொழியில் ரசீது உண்டு! அக்டோபர் வாக்கில் ஒரு ஞாயிறும் திங்களும் இதற்கென்றே இருக்கின்றன. ஞாயிறு அம்மா வீட்டில் விருந்து. திங்களன்று வேஷம் போட்டுக்கொண்டு புல்வெளியில் கூடி, ஒருவர் மேல் ஒருவர் ஷேவிங் நுரையை வாரி அடிக்கிறார்கள். நம் மஞ்சள் நீராட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது திராட்சைக்குப் பதில் ஒயின் பாட்டில் கொடுப்பதுதான் வழக்கமாம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "நீ என்னடி கொடுத்தே?" என்றேன்.

"நீ பாயசத்துக்குன்னு கட்டிக் குடுத்தியே, அந்தப் பொட்டலத்தைத்தான். நிஜத் திராட்சையே வந்திடுச்சேன்னு எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்த 'அம்மா' மேல் மனசு சமாதானமாகவில்லை. எடின்பரோக்காரப் பெண், வயசு இருபது. அவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம்தான்.

எனக்கு உள்ளூர இருந்த பயம் வேறு. கணித மேதை ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போன கதையைப் படித்திருக்கிறேன். அங்கே படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் என்ற வங்காளி ஒரு நாள் அவர் அறைக்குப் போய், ராத்திரி குளிர் எப்படி என்று கேட்டாராம். ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பதாகச் சொல்லியிருக்கிறார். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகளை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி மேலே விரிப்பால் மூடியிருந்தது. பாவம், அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று தெரியாமல் மேலேயே படுத்திருக்கிறார்! 1917-ல் நோயில் விழுந்தவர், 1919-ல் ஊர் திரும்பி, மறு வருஷமே 32 வயதில் போய்ச் சேர்ந்தார். நோய்க்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் யாராவது ஒருவர் அறைக்குள் வந்து பார்த்துக் கேட்கிற வரையில் அந்தக் குளிர் ஒருத்தருக்கும் தெரியவில்லையே. பெண்ணை வழியனுப்பும்போது, "கம்பளிக்கு உள்ளே படு கண்ணு" என்று மூன்று தடவை சொன்னேன்.

டிசம்பர் விடுமுறையில் அந்தப் பெண் என் மகளைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள். எடின்பரோவில் தினம் ஓர் அதிசயம். கோட்டையில் மத்தியானம் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கிறது, 1861-லிருந்து வருகிற வழக்கமாம். தெரியாமல் கீழே நின்றவள் துள்ளிக் குதித்துவிட்டாளாம். எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்குக் கட்டிய நினைவுக் கோபுரத்தில் ஏறி, "287 படி அம்மா, நம்ம மலையைவிட 78 கம்மி" என்றாள். கணக்கில் புலி!

எங்கள் திருத்தணி மலைக்கு 365 படி. டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவோம். புது வருஷத்துக்கு வெள்ளைக்காரத் துரைகளுக்குச் சலாம் போடப் போனவர்களை முருகன் பக்கம் திருப்பிவிட வள்ளிமலை சுவாமிகள் தொடங்கியது இது. என் பெண்ணோ அதே நாளில் துரைகள் தேசத்தில்!

2024 டிசம்பர் 31-ஆம் தேதி நான் பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது வீடியோவில் கூப்பிட்டாள். எங்களுக்கு இரவு ஒன்பதரை, அவளுக்குச் சாயங்காலம் நாலு மணி. அதற்குள் அங்கே இருட்டு. காற்று பலமாக அடிக்கிறதென்று தெருக்கொண்டாட்டம், வாணவேடிக்கை எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்களாம். முகம் வாடியிருந்தது.

"ஏன் இளைச்சிருக்கே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நவம்பர்ல நாலு நாள் ஜுரம்மா. நீ பயப்படுவேன்னு சொல்லலை. க்ளாஸ்ல காணோமேன்னு இவதான் ரூமுக்கு வந்து பார்த்தா. சூப் வெச்சுக் குடுத்தா, ராத்திரி கூடவே இருந்தா" என்றாள்.

படியில் பாடிக்கொண்டே போனவர்கள் என் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அவகிட்ட போனைக் குடு" என்றேன். செம்பட்டை முடியும் மூக்குக்கண்ணாடியுமாகச் சின்ன முகம் ஒன்று வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் படித்த இங்கிலீஷெல்லாம் எங்கே போயிற்றோ? 'தேங்க்ஸ்' என்பதற்கு மேல் வாயில் வரவில்லை. அந்தப் பெண் கையை ஆட்டிச் சிரித்தாள்.

குளிர் தேசத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற சகோதரிகளுக்கு நான் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டு. ஒரே ஒரு தடிக் கோட்டை நம்பாதீர்கள், மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்பு அடுக்கிப் போட்டால்தான் சூடு நிற்கும். விறைத்த காலை ஹீட்டரில் ஒட்டவைத்துக் காய்ச்சினால் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாக உறைந்துவிடும், நல்லெண்ணெயும் கொடுத்தனுப்புங்கள். வெயில் இல்லாத மாதங்களில் எல்லோருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஊர் அரசாங்க மருத்துவத் துறையே சொல்கிறது. நம் நிறத்தவர்கள் வருஷம் முழுக்கவுமே எடுத்துக்கொள்வது பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோடை விடுமுறைக்கு வந்த பெண் செப்டம்பரில் திரும்பிப் போனாள். பெட்டி கட்டும்போது நான் திராட்சை இரண்டு பொட்டலமாகப் போட்டேன்.

"எதுக்கும்மா ரெண்டு? இந்த வருஷம் நான் யாருக்கும் குடுக்க வேண்டாமே" என்றாள்.

"ஒண்ணு பாயசத்துக்கு" என்றேன்.