மயில்துத்தம் மருந்தாகுமா?

கோடை நீண்டு குளத்து நீர் அசைவற்றுக் கிடக்கும்போது, பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஓர் ஆடை அதன்மேல் படர்கிறது. அதுவே நீலப்பச்சைப் பாசி. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999இல் கண்டி வாவியிலும் அது பூத்ததை மலைநாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். மாத்தளைக்கு அதனால் என்ன என்று கேட்போர் உளரேல், அவர்கள் ஆற்றின் வழியைச் சற்றே நோக்குவாராக. நுவரெலியாத் தோட்டங்களின் பசளையையும் கண்டி நகரின் வடிகாலையும் ஏற்றுவரும் மகாவலியின் நீரில் ஒரு பங்கு, 1976 முதல் பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழியாக உக்குவளைக்கு வருகிறது. பின்னர் சுது கங்கையில் விழுந்து போவதென்ன தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து தம்புள்ளைப் பக்கத்துக் குளங்களுக்கும், அம்பன் கங்கை வழியே மொறகஹகந்தவுக்கும் செல்கிறது. மேலே கரைந்த பொஸ்பரஸ் கீழே பாசிக்கு உணவாகிறது.

பாசியைக் கண்டதும் “மயில்துத்தம் போடுங்கள்” என்னும் குரல் எழுவது இயல்பே. போடோக் கலவை தெளித்துப் பழகிய கமக்காரனுக்கு அது கைகண்ட மருந்து. குடிநீர்த் தேக்கங்களுக்கும் அதனை அமெரிக்க விவசாயத் திணைக்களத்தார் 1904இலேயே எடுத்துரைத்தனர். செப்பு பாசியைக் கொல்லும், அதில் ஐயமில்லை. கொன்ற பின்னர் நேர்வது யாது? பாசியின் நஞ்சு பெரும்பாலும் அதன் கலத்தினுள் அடைபட்டுக் கிடப்பது. கலம் உடைந்ததும் அது நீரில் கரைந்துவிடுகிறது. கரைந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் நிகழ்ந்தது இதுவே. நீர் நாறுகிறதென்று அங்குள்ள ஆதிக்குடிகள் முறையிட்டனர். சொலமன் அணையில் மயில்துத்தம் இடப்பட்டது. சில நாட்களுக்குள் 148 பேர் ஈரல் வீங்கி, வாந்தியும் வயிற்றோட்டமுமாய் வீழ்ந்தனர். அவர்களுள் 138 பேர் பிள்ளைகள்! முறையிட்ட மக்களுக்கு மருந்தென்று அளிக்கப்பட்டதே அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியது.

இரசாயனமே ஆகாதென்பது எம் வாதமன்று. ஒல்லாந்தில் 2009இல் ஓர் ஏரி முழுவதிலும் ஐதரசன் பரவொட்சைட்டை மிகச் சிறிய அளவில் இட்டுப் பாசியை அடக்கினர். அது நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடுவது. செப்போ சேற்றில் தங்குவது. எதை இட்டாலும், குடிநீர் எடுக்கும் வாயை முதலில் மூடவேண்டும்; நஞ்சை அளந்து பார்த்த பின்னரே திறக்கவேண்டும். மைக்கிரோசிஸ்டின் நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, வாழ்நாள் முழுதும் பருகும் நீரில், லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம்.

பாசியின் உணவைக் குறைக்காமல் பாசியை ஒழிக்க முடியாது. அதற்காக 2021இல் செய்ததுபோல் ஒரே இரவில் பசளையைத் தடைசெய்து கமக்காரன் வயிற்றில் அடிப்பதை எவரும் மீண்டும் நினைக்கவேண்டாம். மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவே இடச் சொல்லும் விவசாய உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வரட்டும். நகரசபைகள் தம் கழிவைச் சுத்திகரித்து ஆற்றில் விடட்டும்.

இன்னொன்றும் கேட்கிறோம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நீர்ப் பரிசோதனையின் முடிவும், குளத்தில் மருந்திடும் நாளும், நீர் எடுக்கலாகாது என்னும் எச்சரிக்கையும் மாத்தளைத் தோட்ட லயன்களின் வாசலில் தமிழில் ஒட்டப்படவேண்டும். மருந்திட்ட பின்னரன்று, இடுவதற்கு முன்னர்.