துறைமுகத்துக்கு வரும் விருந்தினர்

கல்லூரி விழா மலரிலே போர்க்கப்பலைப் பற்றி எழுதுவது அன்பர் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஜெயபுரத்துக்குத் திருகோணமலையும் அம்பாந்தோட்டையும் தொலைவுதான். ஆயினும் துறைமுகத்தில் நேரும் பிழை கரையோடு நின்றுவிடுவதில்லை.

1672ஆம் ஆண்டில் டி லா ஹே என்னும் தளபதியின் கீழ்ப் பிரெஞ்சுக் கடற்படை கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலம் அது. அவர்களை ஓட்ட ஒருவர் வாராரோ என்று காத்திருந்த கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன், வந்தோரை மனமுவந்து ஏற்றான். தூதராகக் கண்டி சென்ற லனரோல் என்பாரோ, குதிரையை விட்டு இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அரசன் அழைக்கும்வரை காத்திருக்கவும் அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. சிறைவாசமே அவருக்குக் கிடைத்தது. கடற்படை சாந்தோமை நோக்கிப் பாய்விரித்தது. கொட்டியாரத்தில் விட்டுச்சென்ற சிறு படை ஒல்லாந்தரிடம் சரணடைந்தது.

தூதரின் செருக்கைக் கண்டு நகைப்பது எளிது. நாமோ அரசனையே பெரிதும் குறைகூறுவோம். ஓர் அந்நியனை விரட்ட மற்றோர் அந்நியனுக்குத் துறையைத் திறந்தவன், அவன் எத்தனை நாள் தங்குவான், யாது செய்வான் என்பதை முதலில் வரையறுத்தானில்லை.

இக்குறை இன்றும் தீர்ந்தபாடில்லை. இலங்கைத் துறைமுகங்களை இந்திய நலனுக்குக் கேடாக எந்நாட்டின் படைத்தேவைக்கும் விடுவதில்லை என்று 1987இல் இரு நாட்டுத் தலைவர்களும் கடிதம் மாற்றிக்கொண்டனர். 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தபோது புதுடில்லி முகஞ்சுளித்தது. 2022 ஆகஸ்டில் செய்மதிகளையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கவல்ல யுவான் வாங் 5 என்னும் சீனக் கப்பலுக்கு அம்பாந்தோட்டை வர அனுமதி கொடுத்து, பின்னர் வரவைத் தள்ளிவைக்குமாறு வேண்டி, மீண்டும் அனுமதித்தனர். அக்கப்பல் 16ஆந் திகதி வந்து சேர்ந்தது. கடனால் நொடிந்திருந்த வேளை அது. இரு பெரியோரையும் பகைக்க வழியில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அழைத்த விருந்தினனை வாசலில் நிறுத்தி அயலவனிடம் ஆலோசனை கேட்பது, இருவரையும் ஒருங்கே அவமதிப்பதாகும். 2024இல் அந்நிய ஆய்வுக் கப்பல்களுக்கு விதித்த ஓராண்டுத் தடையும் சிக்கலைத் தள்ளிப்போட்டதேயன்றி அவிழ்க்கவில்லை.

எக்கொடி பறப்பினும் ஒரே விதி வேண்டும். எத்தனை நாள் முன்னர் அறிவிப்பது, கடலடியை ஆராயலாமா, எப்பொழுது வெளியேறுவது என்பன அதிற் காணப்படல் வேண்டும். அவ்விதி கொழும்பில் எழுதப்படும் அன்றே, பூநகரிக் கடலில் வலை வீசுவோனும் வாசிக்கும் தமிழிலும் வெளிவருதல் வேண்டும்.