கடலில் கரையாத ஜாதி

கடல் தாண்டினவன் ஜாதியை இழந்தான் என்கிறது போதாயன தர்ம சூத்திரம். அது மெய்யானால், மலாய் நாட்டுக்குப் போன தமிழனிடம் ஜாதி எப்படி உயிரோடிருந்தது?

கர்னியல் சிங் சந்து என்னும் அறிஞர் 1969-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், 1786 முதல் 1957 வரை மலாயாவில் இந்தியர் குடியேறிய கதையை ஆராய்கிறது. அக்கதையில் முக்கியமானவன் கங்காணி. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால், அவன் தன் சொந்த ஊருக்கே வந்து, தன் உறவிலும் ஜாதியிலும் ஆள் சேர்த்தான். நமது கடத்தூர் அடங்கியிருந்த அன்றைய சேலம் ஜில்லாவும் இதற்குத் தப்பவில்லை. 1938-ல் இந்திய சர்க்கார் இதைத் தடுக்கும் வரையில், கப்பலேறியது கூலிகள் மாத்திரமல்ல. ஊரும் சேரியும் கூடவே ஏறின. தோட்டத்து லயங்களிலும் ஆதி திராவிடருக்குத் தனி வரிசை ஏற்பட்டது!

துரைக்கோ எல்லோரும் கூலிகள்தான். 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனபோதும் அப்படியே. அக்காட்டில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்த பல்லாயிரம் தமிழரில் மேல்ஜாதிப் பிணம் எது, கீழ்ஜாதிப் பிணம் எது?

1929 டிசம்பரில் பெரியார் மலாயா போக நேர்ந்ததே, ஜாதி அங்கும் போயிருந்ததால்தான். ஆகவே தோழர்களே, ஜாதியைக் கரைக்கக் கடலால் ஆகாது, அறிவால்தான் ஆகும். இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். பெட்டியில் ஊறுகாய் வைத்து அனுப்புங்கள். ஜாதியை வைத்து அனுப்பாதீர்கள்!