நண்டுகூட ஓட முடியலையே!

'நண்டோட நெல்லு, வண்டியோட வாழை, தேரோட தென்னை.' எங்கள் நாஞ்சில் நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டாக்களுக்கும் தெரிந்த கணக்கு இது. தென்னைக்கு 25 அடி இடைவெளி என்றுதான் இன்றைய வேளாண் நிபுணர்களும் சொல்கிறார்கள். அந்தக் காலி இடம் வீண் இல்லை. மகசூலே அங்கிருந்துதான் வருகிறது.

சரி, உங்கள் செல்போனில் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து பாருங்கள். நண்டை விடுங்கள், எறும்பு ஓட இடமிருக்கிறதா? கடன் வேணுமா, இன்ஷூரன்ஸ் வேணுமா, தங்கம் வேணுமா என்று கட்டங்கள் முண்டியடிக்கின்றன. நாகர்கோவில் டீக்கடை ஒன்றில், ரப்பர் பால்வெட்டும் பெரியவர் ஒருவர் இருப்புப் பார்க்கப் போய், மூன்று தடவையும் கடன் பக்கத்தில் போய் விழுந்தார். கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல். கடைசியில், 'எனக்கு இதெல்லாம் தெரியாது, நீயே பாரு மக்கா' என்று போனை என்னிடம் நீட்டி, ரகசிய எண்ணையும் சத்தமாகச் சொன்னார். கடையே கேட்டது.

விஷயம் தெரியாமலா இப்படிச் செய்கிறார்கள்? பட்டன் 44 அலகாவது இருக்கணும் என்று ஆப்பிளும், 48 அலகு, நடுவே 8 அலகு இடைவெளி என்று கூகுளும் எழுதியே வைத்திருக்கின்றன. சேர வேண்டியது பக்கத்தில், சேரக் கூடாதது தள்ளி. அவ்வளவுதான் சூத்திரம். 'இருப்பு'க்கும் 'கடனு'க்கும் என்ன உறவு, ஒட்டி உட்கார?

தமிழில் பார்த்தால் இன்னும் கொடுமை. ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் தமிழைத் திணித்தால் மேலே புள்ளி போச்சு, கீழே சுழி போச்சு. பழைய கல்வெட்டுகளில் சொல்லுக்கு நடுவே இடம் இருக்காது, புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. கல்லில் இடம் அளவானது, மன்னிக்கலாம். விரலால் தள்ளத் தள்ள நீளும் திரைக்கு என்ன பஞ்சம்?

நானும் பி.காம். படித்தவன்தான். காலி இடத்தை விற்றால் காசு என்கிற கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் வரவு கம்பெனிக்கு, செலவு அந்தப் பெரியவருக்கு என்றால் அதற்குப் பேர் கணக்கு இல்லை, களவு.

அடுத்த முறை விரல் தவறினால் 'எனக்குத்தான் தெரியலை' என்று கூச்சப்படாதீர்கள். புகார் எழுதுங்கள். தேர் ஓட இடம் கேட்கவில்லை நாம். ஒரு காய்த்த விரல் பதிய இடம் கொடுத்தால் போதும்!