கலவையும் புதுமையும்

நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிய மூன்றும் கல்லூரி வேதியியற் சாலைகளின் அலமாரிகளில் எஞ்ஞான்றும் இருப்பன. இவற்றை ஓரளவிற் கலந்து, "இக்கலவை என் கண்டுபிடிப்பு, இருபது ஆண்டுகள் வரை என் இசைவின்றிப் பிறர் இதனை ஆக்கலும் விற்றலும் ஆகா" என ஒருவர் அரசினரிடம் விண்ணப்பித்தால், அவரை நகைத்து அனுப்புவதா, இருக்கை தந்து கேட்பதா? இவ்வினாவிற்கு விடை கூறுதற்கென்றே காப்புரிமை அலுவலகங்களில் பரிசோதகர் என்போர் அமர்ந்திருக்கின்றனர். நம் நாட்டில் கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் அவ்வலுவலகங்கள் உள. கணிப்பொறிச் சில்லுகளை ஆக்கும் தொழிலிற் கழுவுநீராகப் பயன்படும் கலவைகளைப் பற்றி அவர்கள் எங்ஙனம் தீர்ப்புக் கூறல் வேண்டும் என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவலாம். வேலை உண்டு என்பது போகப் போக விளங்கும்.

முதற்கண் சட்டம் கூறுவதைக் காண்போம். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், ஒரு பொருள் புதியதாதல் வேண்டும், அத்துறையிற் கைவந்தவர்க்கு எளிதிற் புலப்படாததாதல் வேண்டும், தொழிலிற் பயன்படுவதாதல் வேண்டும் என்று மூன்று இலக்கணங்களை விதிக்கின்றது. பின்னர், இன்னின்ன காப்புரிமை பெறா என விலக்கும் மூன்றாம் பிரிவின் ஐந்தாம் உட்கூற்றில் கலவைகளைப் பற்றிய விதி வருகின்றது. கலந்த பொருள்களின் குணங்கள் ஒருங்கு திரள்வதை மாத்திரமே விளைவாக உடைய வெறுங்கலவை காப்புரிமைக்கு உரியதன்று என்பது அதன் கருத்து. இவ்விதியின் உயிர்நிலை 'மாத்திரமே' என்னும் சொல்லில் இருக்கின்றது. பிரிநிலை ஏகாரம் கற்ற மாணவர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

விதியின் உட்பொருளை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே உணரலாம். பானகத்தில் வெல்லத்தின் இனிப்பும், சுக்கின் உறைப்பும், ஏலத்தின் மணமும் தத்தம் நிலை திரியாமல் நிற்கின்றன. பருகுவார்க்கு மூன்றும் தனித்தனியே தோன்றும். இது திரள். மஞ்சள் நீரிற் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி நீர் செக்கச் சிவந்துவிடுகின்றது. மஞ்சளிலும் அச்சிவப்பு இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. இது கூட்டத்தின் விளைவு. தம்முன் வரும் கழுவுநீர் பானகமா, ஆரத்தியா என்று காண்பதே பரிசோதகரின் கடமை. விண்ணப்பத்திற் குறித்த பொருள்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் நோக்கினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இடர்ப்பாடு.

இனி, சில்லுத் தொழிலுக்குக் கழுவுநீர் ஏன் இத்துணை இன்றியமையாதது? சிலிக்கனை மெல்லிய வட்ட வில்லைகளாக அறுத்து, அவற்றின் மேல் அடுக்கடுக்காக மின்வழிகளைப் பொறிக்கின்றனர். அவ்வழிகள் மயிரிழையைப் பல்லாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் அளவின. அவற்றின் மேற் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் படிந்தாலும், உலோகத்தின் சில அணுக்கள் ஒட்டினாலும் அச்சில்லு பழுதாம். ஆதலின் ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் வில்லையைக் கழுவுகின்றனர். ஒரு காலத்தில் இத்தொழிலில் டிரைகுளோரோஎத்திலீன் முதலிய கரிமக் கரைப்பான்கள் பெரிதும் வழங்கின. அவற்றின் தீங்கு 1980-களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில், தொழிற்சாலைகளின் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த கரைப்பான்கள் ஊரார் பருகும் கிணற்று நீரை அடைந்திருந்தன. மின்னணுத் தொழிலார் விரும்பிய மற்றொரு கரைப்பானாகிய குளோரோபுளோரோகார்பன் 113, வானின் ஓசோன் படலத்தை அரிப்பதென 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் தடைக்கு உட்பட்டது. இவற்றின் பின்னர் நீரையே தலைமைப் பொருளாகக் கொண்ட கழுவுநீர்களின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. அவற்றிற்குக் காப்புரிமை கேட்போர் தொகையும் பெருகிற்று.

யான் தொடக்கத்திற் கூறிய மூன்று பொருட் கலவை கற்பனையன்று. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பணியாற்றிய வெர்னர் கெர்ன் என்னும் வேதியியலார் 1965-ஆம் ஆண்டு அதனை வகுத்தார். 1970-இல் டேவிட் புவோட்டினன் என்பாருடன் சேர்ந்து அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். அம்மோனியாக் கரைசல் ஒரு பங்கு, பெராக்சைடு ஒரு பங்கு, நீர் ஐந்து பங்கு; வெப்பம் 75 முதல் 80 பாகை செல்சியசு; நேரம் ஏறக்குறைய பத்து நிமிடம். உலகெங்கும் சிலிக்கன் கழுவும் முறைக்கு இதுவே அடிப்படையாயிற்று.

இக்கலவை செய்வதை உற்று நோக்குக. பெராக்சைடு தனித்து நின்றால் சிலிக்கனின் மேல் மெல்லிய ஆக்சைடுத் தோல் ஒன்றை உண்டாக்கிவிட்டு ஓய்ந்துவிடும். அம்மோனியா தனித்து நின்றால் சிலிக்கனையே அரித்துக் கரடுமுரடாக்கிவிடும். ஒன்று பயனின்மை, மற்றொன்று கேடு. இரண்டும் கூடியவழி, பெராக்சைடு தோலை ஆக்கிக்கொண்டே இருக்க, அம்மோனியா அதனை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டே இருக்கின்றது. பாம்பு சட்டையுரிப்பது போல வில்லை தன் மேற்றோலை உரிக்க, அதிற் பற்றியிருந்த துகள் பற்றுக்கோடு இழந்து விடுபடுகின்றது. காரநீரிற் பொதுவாகத் துகளும் வில்லையும் ஒருங்கே எதிர்மின்மை கொள்வதால் ஒன்றையொன்று தள்ளும். விடுபட்ட துகள் மீண்டும் வந்து ஒட்டுவதில்லை. இவ்வருஞ்செயல் அம்மோனியாப் புட்டியின் மேலும் எழுதப்படவில்லை, பெராக்சைடுப் புட்டியின் மேலும் எழுதப்படவில்லை. எல்லாம் பழைய பொருள்கள்தாமே என்று இதனைப் புறக்கணிக்கும் பரிசோதகர் ஒருவர் இருந்தால், அவர் சட்டத்தையும் அறியார், வேதியியலையும் அறியார்.

ஆனால் இது கூட்டத்தின் விளைவு என நாம் துணிந்து சொல்வது எதனால்? தனித்தனியே செய்து பார்த்த சோதனையும், கூட்டிச் செய்து பார்த்த சோதனையும் அருகருகே இருப்பதனால். இதனையே யான் வற்புறுத்த விரும்புகின்றேன். கலவைக்கு உரிமை கேட்போர், ஒவ்வொரு பொருளையும் நீக்கி நீக்கிக் கழுவிப் பார்த்த அட்டவணையை விளக்கவுரையிலேயே வைத்தல் வேண்டும். அதுவின்றி 'வியத்தகு தூய்மை', 'மிகச் சிறந்த பயன்' என அடைமொழிகளை அடுக்கும் விண்ணப்பத்தை ஏற்றல் ஆகாது. அட்டவணை உள்ள விண்ணப்பத்தின் மேல் 'வெறுங்கலவை' என்னும் முத்திரையைப் படியாமலே குத்துதலும் ஆகாது.

கெர்னின் கலவை 1970-இலேயே ஊரறிய வெளியானமையின் இனி எவரும் அதற்கு உரிமை கொள்ளவியலாது. புதிய வழக்குகள் வேறு இடத்தில் எழுகின்றன. 1997-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் சில்லுகளில் அலுமினியத்திற்கு மாறாகச் செம்பைக் கம்பியாக்கும் முறையை அறிவித்தது. பெராக்சைடு செம்பை ஆக்சைடாக்கும். அம்மோனியா அதனைக் கரைத்து நீலநீராக்கும். சிலிக்கனுக்கு மருந்தானது செம்புக்கு நஞ்சாயிற்று. எனவே துகளைப் போக்கியும் செம்பைத் தீண்டாமலும் இருக்கும் புதிய கழுவுநீர் வேண்டியதாயிற்று.

இவ்வகை விண்ணப்பம் ஒன்று வருகின்றதெனக் கொள்வோம். எலுமிச்சைப் புளிப்பாகிய சிட்ரிக் அமிலம், அமீன் ஒன்று, செம்பு அரிபடாமற் காக்கும் பென்சோடிரையசோல், நீர் ஆகியவை அதிற் கூறப்படுகின்றன. பென்சோடிரையசோல் செம்பைக் காக்கும் என்பது நெடுநாளாக அறிந்த செய்தி. அருங்காட்சியகத்தார் 1960-களிலிருந்து பழைய வெண்கலப் பொருள்களை அதனாற் காத்து வருகின்றனர். சில்லுத் தொழிலாளர் அருங்காட்சியக ஏடுகளைப் படிப்பதில்லை என்று விண்ணப்பதாரர் வாதிக்கக்கூடும். யான் அவ்வாதத்தை ஏலேன். செம்பு அரிபடுவதைத் தடுப்பதே இருவர்க்கும் உரிய இடர்ப்பாடு. அதற்கு மருந்து தேடுவோர் செம்பை அறிந்தாரையெல்லாம் கேட்டிருத்தல் வேண்டும். ஆயினும் அப்பொருள் செம்பின் மேற் படலமாய்ப் படிந்து, நீக்குதற்கரிய அழுக்காகத் தானே எஞ்சிவிடும் என்பதும் அறிந்ததே. குறித்த அமீன் அப்படலத்தைக் காக்கும் வேலை முடிந்தபின் முற்றும் அகற்றுகின்றது என்று அட்டவணை காட்டுமாயின், அங்கேதான் புதுமை பிறக்கின்றது. உரிமை அவ்விடத்திற்கு உரியது.

அவ்விடத்திற்கு மட்டுமே உரியது என்றுங் கூறுவேன். விண்ணப்பங்களில் 'நூற்றுக்கு 0.01 முதல் 20 வரை' என அளவுகளைக் கடலளவு விரித்து எழுதும் வழக்கம் உண்டு. உள்ளே செய்து காட்டிய சோதனைகளோ மூன்று அல்லது நான்கு. முன்னமே அறிந்த முறையில் வெப்பத்தையும் அடர்த்தியையும் சிறிது மாற்றிச் சிறந்த அளவைக் காண்பது கண்டுபிடிப்பாகாது என அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1955-இலேயே ஆலர் என்பாரின் வழக்கில் தீர்த்தது. 1985-இல் முடிந்த டைட்டேனியம் வழக்கு இன்னும் சுவையுடையது. மாலிப்டினமும் நிக்கலும் சிறிதளவு சேர்ந்த டைட்டேனியக் கலவை உப்புநீரில் அரிபடாது எனக் கண்டோர் அதற்கு உரிமை கேட்டனர். 1970-இல் வெளியான உருசியக் கட்டுரை ஒன்றின் வரைபடத்தில், கேட்ட அளவுக்குள் விழும் ஒரு புள்ளி இருந்தது. அக்கட்டுரையார் அரிமானத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஆயினும் பொருள் பழையது, அதன் குணத்தைப் புதிதாக அறிந்தமையாற் பொருள் புதிதாகாது என்று அவ்விரிந்த கோரிக்கைகளை நீதிமன்றம் மறுத்தது. ஒரு புள்ளி! பரிசோதகர் எத்துணைப் பொறுமையுடன் பழைய ஏடுகளைப் புரட்டுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனித் தமிழ் மாணவனின் வேலைக்கு வருகின்றேன். ஆங்கிலக் கோரிக்கைகளில் 'இவற்றை உடையது' என ஒருவகையும் 'இவற்றையே உடையது' என ஒருவகையும் உண்டு. முன்னது எச்சவும்மை போலப் பிறவற்றையும் தழுவும். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தவரும் உரிமையை மீறியவராவர். பின்னது பிரிநிலை ஏகாரம். கூறியவை தவிரப் பிறவற்றை விலக்கும். விண்ணப்பதாரர் அனைவரும் முன்னதையே நாடுவர். எந்திரங்களைப் பற்றிய கோரிக்கையில் அதனாற் பெருந்தீங்கில்லை. சக்கரம் மூன்றுடைய வண்டியில் விளக்கொன்று கூடினாலும் வண்டி ஓடும். கலவைகளிலோ நான்காவது பொருள் முதல் மூன்றன் உறவையே குலைத்துவிடக்கூடும். கெர்னின் கலவையில் அமிலத்தைப் போதிய அளவு சேர்த்தால் அம்மோனியாவின் காரம் அடங்கிவிடும். தோலுரிக்கும் செயல் நின்றுவிடும். கூட்டத்தின் விளைவுக்காகவே தரும் உரிமையை, அவ்விளைவு நிகழாத கலவைகளுக்கும் நீட்டுவது முரண். ஏகாரம் இட வேண்டிய இடத்தில் இடுமாறு பரிசோதகர் கேட்பாராயின் அது சொற்பூசல் ஆகாது.

கலவைக்கு உரிமையே தரலாகாது என்பாரும் உளர். அவர்தம் கருத்து எளிமையால் நம்மைக் கவரும். ஆனால் உரிமை கிடைக்காதெனின் ஆலையார் தம் கலவையை மறைபொருளாக வைத்துக்கொள்வர். பீப்பாயின் மேல் ஒரு பெயர் இருக்கும். உள்ளிருப்பது இன்னதென உலகு அறியாது. காப்புரிமை கேட்போர் கலவையின் செய்முறையை முழுதும் வெளியிடக் கடமைப்பட்டவர். உரிமைக்காலம் கழிந்தபின் அவ்வறிவு எல்லார்க்கும் பொது. மேலும், 'நீரால் ஆயது' என்னும் பெயர் கேட்டுத் தீங்கற்றதென மயங்குதற்கில்லை. இத்தொழிலில் வழங்கும் டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு நீரிற் கரைந்த பொருளே. அதன் 25 விழுக்காட்டுக் கரைசல் தோலிற் பட்டதால் தொழிலாளர் உயிரிழந்தமையைத் தைவான் மருத்துவர்கள் ஆராய்ச்சி ஏடுகளிற் பதிந்துள்ளனர். தான் கையாள்வது இன்னதென அறியும் வழி எதுவாயினும் அதனை அடைப்பது நன்றன்று.

இஃது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் இருந்த காலம் கழிந்தது. குசராத்தின் தொலேராவில் 91,000 கோடி ரூபாய்ச் செலவிற் சில்லு ஆலை ஒன்றை அமைக்க 2024 பிப்ரவரியில் நடுவணரசு இசைவளித்தது. அத்தகைய ஆலைகளில் எந்நீரால் எவர் கழுவலாம் என்பது நம் அலுவலகங்கள் தரும் உரிமைகளைப் பொறுத்தது. நம் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, விண்ணப்பம் வெளியானபின் உரிமை தரும் முன்னர் எவரும் எதிர்ப்புரை தரலாம் என்கின்றது. 'எவரும்' என்னும் அச்சொல்லில் வேதியியல் பயிலும் நம் தோழரும் அடங்குவர். ஆயின் 2024-ஆம் ஆண்டின் திருத்த விதிகள் இவ்வெதிர்ப்புக்குக் கட்டணம் விதித்துவிட்டன. வீண் எதிர்ப்புகளால் விண்ணப்பங்கள் நெடுநாள் தடைப்பட்டமையின் இது வேண்டியதாயிற்று என்பர். அது மெய்யாகவே இருப்பினும், பழைய இதழொன்றின் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் கண்டு அனுப்பும் கல்லூரியாரிடம் அக்கட்டணத்தைக் கேளாதிருத்தல் வேண்டும். அவர் அனுப்புவது பரிசோதகர் தாமே தேடியிருக்க வேண்டிய பொருளன்றோ?